அவசரம் இல்லாத அறை

அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்புக்கு வரும் எல்லாப் பிள்ளைகளும் ஒருமுறையாவது கிழிந்த புத்தகத்துக்குப் பசை தடவியிருப்பார்கள். ஆலோசனை டீச்சரின் வழக்கம் அது. அவர் அறையில் மேசைக்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் என்று உட்காரும் சமாச்சாரமே கிடையாது. நூலகத்தில் பிய்ந்துபோன புத்தகங்களைக் கொண்டுவந்து குவித்து, பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, இரண்டு பேருமாக ஒட்டுவார்கள். கையில் வேலை இருந்தால் வாய் தானாகத் திறக்கும் என்பது அவர் கட்சி. மார்க் எவ்வளவு என்று கேட்க மாட்டார். என்ன ஆகப் போகிறாய் என்று கேட்கவே மாட்டார். பன்னிரண்டாம் வகுப்பு முடியும்வரை இதே நடைதான். பிள்ளைகள் வைத்த பெயர் 'மெதுவா டீச்சர்'. காதில் விழுந்தும் அவர் கண்டுகொண்டதில்லை.

புதிதாக வந்த ஹெட்மாஸ்டருக்கு இது அறவே பிடிக்கவில்லை. எப்போதும் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டு நிற்கிற மனிதர்.

"பெற்றோர் கூட்டத்துல பத்தாம் வகுப்புப் பிள்ளைங்க ஒவ்வொருத்தரா மேடையேறி, என்ன ஆகப் போறோம்னு மைக்ல சொல்லணும். நீங்கதான் தயார் பண்ணணும்," என்றார்.

"பதினஞ்சு வயசுல என்ன சார் தெரியும்? எனக்கே முப்பது தாண்டித்தான் தெரிஞ்சுது."

"முடியாதுன்னா சொல்லுங்க. நுழைவுத்தேர்வு வகுப்புக்கு இடம் இல்லாம தவிக்கிறோம். உங்க ரூம் சும்மாதானே கிடக்கு."

சும்மாவாம்! டீச்சருக்கு உச்சந்தலை கொதித்தது. "முடியாதுன்னுதான் சொல்றேன்," என்று எழுந்து வந்துவிட்டார்.

அறை போனால் போகட்டும் என்று வீறாப்பாகச் சொல்லிக்கொண்டாரே தவிர, அப்படி விட்டுவிட மனசு வரவில்லை. காரணம் ஒரு பெண். பல் டாக்டரின் மகள். வகுப்பில் அவளுக்கு ஊமைக்கோட்டான் என்று பெயர். போன வருஷம் முழுக்கப் பசையை மட்டும் தடவிவிட்டுப் போனவள், இப்போதுதான், "கிளினிக் போர்டுல என் பேரை இப்பவே எழுதிடுவார் போல எங்கப்பா. எனக்குப் பல்லைப் பாத்தாலே குமட்டுது டீச்சர்," என்று வாய் திறந்திருந்தாள். வேறு யாராக இருந்தாலும், அப்படியானால் என்ன பிடிக்கும் என்று பிடித்துக்கொண்டிருப்பார்கள். டீச்சர், "அந்த ஓரத்தை நல்லா அழுத்து," என்று மட்டும் சொன்னார். அறை போய்விட்டால் இவள் மறுபடி எங்கே போய் வாய் திறப்பாள்?

கூட்டத்தன்று ஹெட்மாஸ்டரே பிள்ளைகளைத் தயார் செய்து நிறுத்தியிருந்தார். டாக்டர், இன்ஜினியர், விமானி என்று கிளிப்பிள்ளைகளாக ஒப்பித்துவிட்டு இறங்கினார்கள். பல் டாக்டர் மகளின் முறை வந்தது. மைக்கைப் பிடித்தவள் பிடித்தபடியே நின்றாள். முன்வரிசையிலிருந்து அப்பா உதட்டை அசைத்து எடுத்துக்கொடுத்தார்.

"ம், சொல்லும்மா, சீக்கிரம்," என்றார் ஹெட்மாஸ்டர்.

டீச்சரால் பொறுக்க முடியவில்லை. விறுவிறுவென்று மேடையேறி மைக்கைப் பிடுங்கினார். "அவளுக்கு இன்னும் தெரியாது. தெரியாட்டி குடி ஒண்ணும் முழுகிப் போயிடாது!"

ஒரு பிள்ளையையும் அவசரப்படுத்தாத மனுஷி, அந்தப் பிள்ளைக்கு இன்னும் அரை நிமிஷம் கொடுத்திருக்கலாம்.

பெண் அவரைப் பார்த்த பார்வையில் நன்றி இல்லை, கோபம்தான் இருந்தது. மைக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"நானே சொல்லத்தான் இருந்தேன். டீச்சர் முந்திக்கிட்டாங்க. எனக்கு என்ன ஆகணும்னு இன்னும் தெரியல. பல் டாக்டர் ஆக மாட்டேன், அது மட்டும் தெரியும். மத்தது தெரியும்போது சொல்றேன். அதுவரைக்கும் எனக்காக யாரும் பேச வேண்டாம். அப்பாவும்தான். டீச்சரும்தான்."

டீச்சருக்கு முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. அதே நேரம், வெட்கத்தை விட்டுச் சொன்னால், இத்தனை வருஷ வேலையில் இப்படி ஒரு சந்தோஷம் அவருக்கு வந்ததில்லை. தப்புதான் என்று அவளிடம் தலையாட்டிவிட்டு இறங்கினார்.

கூட்டம் கலைந்ததும் ஹெட்மாஸ்டர் வாசலிலேயே மடக்கினார். "பாத்தீங்களா? நீங்க தலையில தூக்கி வெச்சுக்கிட்ட பொண்ணே, நீங்க வேண்டாம்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டா. இனிமே அந்த ரூம் எதுக்கு?"

"அவ அப்படிச் சொல்றதுக்குத்தான் சார் அந்த ரூம்," என்றார் டீச்சர். "காலி பண்ண மாட்டேன்."