நாற்பத்தொன்றுக்கு நான் சொன்ன காரணம்

1992 ஜூன் மாதம். பெங்களூர் ஜோகுபாளையத்தில் குடியிருந்தோம். காவிரித் தகராறில் ஊர் பற்றியெரிந்து ஓய்ந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. அப்போதுதான் என் பி.யு.சி., அதாவது பிளஸ் டூ, ரிசல்ட் வந்தது. பாஸ்! எங்கள் குடும்பத்தில் அவ்வளவு தூரம் படித்த முதல் ஆள் நான். லிஃப்ட் ஆபரேட்டராக இருந்த அப்பா, தெரு முழுக்க மைசூர்பாக் கொடுத்தார்.

நான் வாங்கியதோ நாற்பத்தோரு சதவீதம். பி.எஸ்ஸி.க்கு ஐம்பது கேட்டார்கள். அப்பாவுக்குத் தமிழ் தவிர வேறு எழுத்துப் படிக்கத் தெரியாது. பாஸ் என்றாலே சீட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தார். "எந்த காலேஜும்மா?" என்று தெருவில் யாராவது கேட்டால் பேச்சை மாற்றிவிடுவேன்.

முதல் இரண்டு கல்லூரிகளில் ஃபாரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். "பாஸ் பண்ண புள்ளைக்கு ஏன் சீட்டு குடுக்கல?" என்றார் அப்பா. "நாம தமிழாளுங்க இல்லையாப்பா, அதான்" என்று சொல்லிவிட்டேன். எங்கிருந்துதான் வந்ததோ அந்தப் பேச்சு! அப்பா நம்பிவிட்டார். நம்பாமல் என்ன செய்வார்? கலவரம் நடந்த அந்தக் குளிர்காலத்தில் பஸ்ஸில் வாயைத் திறக்கவே பயந்தவர்கள்தானே நாங்கள்.

அதற்குப் பிறகு லீவு போட்டுவிட்டு அவரே கூட வர ஆரம்பித்தார். "வரிசையில நிக்கும்போது தமிழ் பேசாத கண்ணு" என்பார். மூன்று வாரத்தில் இன்னும் மூன்று கல்லூரி. அவரை நாலடி தள்ளி நிறுத்திவிட்டு, ஜன்னலுக்கு நான் மட்டும் போவேன். ஃபாரம் திரும்பி வரும். அவர் முகம் சுருங்கிப்போகும். படிப்பும் போச்சு, மானமும் போச்சு, இனி நான் இருந்து என்ன பயன் என்று எனக்குத் தோன்றும். ஆனாலும் உண்மையைச் சொல்ல நாக்கு எழவில்லை.

ஆறாவது கல்லூரி சிவாஜிநகர் பக்கம். அன்று அப்பாவால் பொறுக்க முடியவில்லை. ஜன்னலுக்கே வந்து கன்னடத்தில் கத்தினார்: "மூணு தலைமுறையா இந்த ஊருத் தண்ணியத்தான் குடிக்கிறோம். தமிழுன்னா படிக்கக் கூடாதா?"

உள்ளே இருந்த கிளார்க் அம்மா பதிலுக்குக் கத்தவில்லை. மார்க்ஸ் கார்டை அவர் பக்கம் திருப்பி விரலை வைத்துக் காட்டினார். "ஐம்பது வேணும். இவளுக்கு நாப்பத்தொண்ணுதான். இங்க பாஷையெல்லாம் யாரும் பாக்கல. பொண்ணு உங்ககிட்ட சொல்லலையா?" என்று அவரும் கன்னடத்திலேயே கேட்டார்.

வரிசை மொத்தமும் என்னைப் பார்த்தது. அப்பா பார்க்கவில்லை. இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டு, "தப்பாய்த்தம்மா, க்ஷமிசி" என்று அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டார். நான் செய்த தப்புக்கு!

விரட்டியிருக்கலாம் அந்த அம்மா. ஆனால் எழுந்து வெளியே வந்தார். இந்த மார்க்குக்கு பி.ஏ.வில் இடம் இருக்கிறது, இன்றே கடைசி நாள் என்று சொல்லி, வேறொரு ஜன்னலுக்குக் கூட்டிப்போனார். ஃபாரத்தையும் தானே எழுதிக் கொடுத்தார். சரித்திரம், பொருளாதாரம். சீட்டு கிடைத்துவிட்டது.

பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது அப்பா சொன்னார்:

"மார்க்கு கம்மின்னா கம்மின்னு சொல்ல வேண்டியதுதானே? கலவரத்தப்போ நம்ம எல்லாரையும் தன் வீட்டுக்குள்ள வெச்சு, 'யாரும் இல்ல'ன்னு வாசல்ல நின்னு சொன்னாரே பக்கத்து வீட்டு கன்னடக்காரரு... அந்த மனுசன்கூட மூணு வாரமா மூஞ்சி குடுத்துப் பேசல நான். ஏன்னு கேட்டாரு. 'உங்காளுங்களையே கேளுங்க'ன்னுட்டேன்."

அன்று சாயங்காலம் அப்பா அந்த வீட்டுக் கதவைத் தட்டப் போனார். கூடப் போக எனக்குத் துணிச்சல் இல்லை. பிறகு பட்டம் வாங்கினேன், வேலைக்கும் போனேன், ஆனால் சீட்டு கிடைத்த அந்த நாளை நினைத்தால் இன்றுவரை எனக்குச் சந்தோஷம் வந்ததில்லை, வெட்கம்தான் வருகிறது.