மூன்று வாய், ஒரே வார்த்தை

'பழங்கதை' என்ற பெயர் முதன்முதலாகக் காதில் விழுந்தது அவளுடைய தாய்மாமன் வீட்டு வாசலில். அவள் கல்லூரியில் சரித்திரம் எடுத்திருக்கிறாள் என்ற சேதி அன்றுதான் வந்திருந்தது. வெளியே போய்விட்டு வந்த மாமா செருப்பைக்கூடக் கழற்றாமல் அவள் அம்மாவைப் பிடித்துக்கொண்டார்.

"ஏன்க்கா, செத்துப்போன ராஜாவா வந்து இவளுக்குச் சம்பளம் குடுக்கப் போறான்? இனிமே இவ பேரு பழங்கதை!"

பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் அன்றோடு போயிற்று. பெரியப்பா மகன் கம்ப்யூட்டர் படித்தான், சின்ன அத்தை மகள் நர்சுக்குப் படித்தாள். அவர்களுக்கு யாராவது பட்டப்பெயர் வைத்தார்களா? இவள் மட்டும்தான் இளிச்சவாயா?

படித்து முடித்தபின் போன இடமெல்லாம் இதே கேலி. ஒரு கம்பெனியில் கேள்வி கேட்டவர் சான்றிதழைப் புரட்டிவிட்டு, "எங்க கம்பெனிக்கே வயசு பத்துதாம்மா. உனக்கு இங்க என்ன வேலை?" என்று சிரித்தாராம். வெயிலில் இரண்டு பஸ் மாறிப் போனவளைச் சிரிக்கவா கூப்பிட்டார்கள்?

கடைசியில் வேலை வாங்கித் தந்ததும் மாமாதான். அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். ஆஸ்பத்திரி, ஓட்டல் விரிப்புகளை மூட்டை மூட்டையாக வெளுத்துத் தருகிற பெரிய சலவைக்கூடம். மாமா அங்கே மேஸ்திரி. இவளுக்கு ஆபீசில் போன் எடுக்கிற வேலை.

அங்கே ஒரு இஸ்திரி மெஷின் உண்டு. ஈர விரிப்பைக் கொடுத்தால் சூடான உருளை இழுத்துக்கொண்டு போய்ச் சுருக்கமில்லாமல் மறுபக்கம் தள்ளும். முன்னால் ஒரு தடுப்புப் பட்டை. கை பட்டதும் மெஷின் நின்றுவிட வேண்டும். ஒருநாள், அந்த மெஷினில் வேலை செய்கிற, பெரியக்கா என்று எல்லோரும் கூப்பிடுகிற அம்மாளின் வலது கை உள்ளே போய், விரல்கள் வெந்துவிட்டன. மெஷின் நின்றதா இல்லையா என்பதுதான் கேள்வி. தப்பு பெரியக்கா மேல் என்றால் அவருக்கு வைத்தியச் செலவும் கிடையாது, வேலையும் கிடையாது.

மேனேஜர் இவளைக் கூப்பிட்டார். "நீதான் ஏதோ படிச்சிருக்கியே. சாட்சி சொல்றதை எழுதி வாங்கு. சீக்கிரம் முடி."

மூட்டை பிரிக்கிறவர் வந்தார். "கவனக்குறைவு காரணமாகக் கையை உள்ளே விட்டுட்டாங்க." மடிக்கிற பெண் வந்தாள். "கவனக்குறைவு காரணமாகக் கையை உள்ளே விட்டுட்டாங்க." மூன்றாவதாக மாமா. சுவரைப் பார்த்துக்கொண்டே அவரும், "கவனக்குறைவு காரணமாக..." என்று ஆரம்பித்தார்.

அவள் பேனாவை மூடினாள். மூன்று வருஷம் அவள் என்ன, ராஜாக்களின் தேதியையா மனப்பாடம் செய்தாள்? ஒரே சண்டையைப் பற்றி நாலு பேர் எழுதியதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எவன் கண்ணால் பார்த்தான், எவன் அடுத்தவனைப் பார்த்து எழுதினான் என்று பிரித்தெடுக்கிற வேலை அது. மூன்று வாயில் ஒரே வார்த்தை வந்தால் சாட்சி மூன்றில்லை, ஒன்றுதான். அந்த ஒருத்தர் மெஷின் பக்கமே வராதவர்.

"மாமா, இது யார் வார்த்தை?"

"என் வார்த்தைதான். எழுது."

"அத்தை காலை மிதிச்சாக்கூட 'பாக்கல போ'ன்னுதானே சொல்வீங்க? உங்க வாயில எப்ப மாமா இந்தக் கவனக்குறைவு வந்துச்சு?"

மாமாவுக்கு முகம் சுருங்கிப் போயிற்று. "வாய மூடு, பழங்கதை. ரெண்டு பேர் சோத்துலயும் மண்ணு விழும்."

"சரி, அதை விடுங்க. நீங்க எங்க நின்னீங்க? முதல்ல எது காதுல விழுந்துச்சு?"

மாமா முறைத்தார். பிறகு தலையைத் தொங்கப் போட்டார்.

"அவ கத்துனதுதான். ஓடுனேன். இடது கையால அந்தப் பட்டையைப் போட்டு அடிக்கிறா, சனியன் நிக்கவே இல்ல. நான் போய் மெயினை அணைச்சேன். பட்டை செத்து ரொம்ப நாளாச்சு. மேனேஜர்கிட்ட சொன்னேன். 'ஆர்டர் முடியட்டும்'னார்."

சனியன் உட்பட அப்படியே எழுதினாள். படித்துக் காட்டினாள். மாமா கையெழுத்துப் போட்டார். மற்ற இருவரையும் திரும்பக் கூப்பிட்டு அதே கேள்வியைக் கேட்டாள். மூட்டைக்காரர் அப்போது வெளியே லாரியில் இருந்தாராம். மடிக்கிற பெண்ணோ, "அந்தப் பட்டையை நாங்க யாரும் நம்புறதே இல்லக்கா" என்று அழுதுவிட்டாள்.

படித்துப் பார்த்த மேனேஜர் காகிதத்தை மேசையில் வீசினார். "உன்னைக் கதையா எழுதச் சொன்னேன்?"

"நீங்க குடுத்ததுதான் சார் கதை. மூணு பேருக்கும் மனப்பாடம் ஆயிருந்துச்சு."

அன்றைக்கே அவளை வெளியே அனுப்பினார்கள். பெரியக்கா ஒரு வக்கீலை வைத்து வழக்குப் போட்டார். பிறகு தொழிலாளர் துறை விசாரணைக்கு வந்தபோது, மாமா அங்கேயும் மாற்றிச் சொல்லவில்லை. அதற்காக மேஸ்திரியை மூட்டை தூக்க வைத்தார்கள். பெரியக்காவுக்கு வைத்தியச் செலவு கிடைத்தது, வேலையும் போகவில்லை, விரல்கள்தான் திரும்பவில்லை. இத்தனைக்கும் பிறகு சொந்தக்காரர்கள் பேசியது என்ன தெரியுமா? "சரித்திரம் படிச்சா இருக்கிற வேலையும் போகும்னு அப்பவே சொன்னோமே!" மேனேஜரை ஒரு வார்த்தை சொல்ல ஒருத்தருக்கும் நாக்கு எழவில்லை.

பழங்கதை இப்போது பெரியக்காவின் வழக்கை நடத்திய வக்கீலின் ஆபீசில், சாட்சிகளிடம் பேசி எழுதி வாங்குகிற வேலையில் இருக்கிறாள்.