டப்பாவின் பின்பக்கம் போட்ட கணக்கு

என்னைப் போல மருந்துக்கடை கவுண்டரில் நின்று கால் வீங்கியவர்களுக்குத் தெரியும்: டாக்டர் கையெழுத்தைக்கூடப் படித்துவிடலாம், "மொத்தம் எவ்வளவும்மா ஆகும்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்வதுதான் கஷ்டம். எண்பதுகளின் தொடக்கத்தில் திருவண்ணாமலை தேரடி வீதிக் கடை ஒன்றில் நான் ஃபார்மசிஸ்ட்.

கறவை மாடு

அடி அண்ணாமலை கிராமத்து முனுசாமி மருந்துச் சீட்டோடு வந்தார். மனைவி குப்பம்மாவுக்கு வேலூரில் இதய வால்வு மாற்றியிருந்தார்கள். ரத்தம் உறையாமல் இருக்க ஆயுசுக்கும் தினம் ஒரு மாத்திரை. 'ஆயுசுக்கும்' என்றதில் மிரண்டு, கறவை மாட்டை விற்க விலை பேசிவிட்டே வந்திருந்தார்.

மாத்திரை, மாதம் ஒரு ரத்தப் பரிசோதனை, இரண்டு பேருக்கு வேலூர் பஸ், மதியச் சாப்பாடு என்று மாத்திரை டப்பாவின் பின்பக்கம் எழுதிக் கூட்டினேன். மாதத்துக்கு அறுபது ரூபாய்க்குள் அடங்கியது. மனுஷன் அதையே உற்றுப் பார்த்தார்.

"மாத்திரைய விட பஸ்ஸுக்குத்தான் ஜாஸ்தியா? பால் காசே போதுமேம்மா, மாட்ட எதுக்கு விக்கணும்?"

மீந்த மாத்திரைகள்

ஒரு தடவை மாதம் முடிந்தும் அவர் வரவில்லை. பத்து நாள் கழித்து குப்பம்மாவே வந்தார். "இன்னும் நாலு மீதி இருக்குது" என்றார் சந்தோஷமாக. உடம்பு தேறிவிட்டதென்று சில நாள் விட்டுவிட்டுச் சாப்பிட்டிருக்கிறார். வால்வில் ரத்தம் கட்டினால் உயிருக்கே ஆபத்து என்று சத்தம் போட்டு, அன்றைக்கே வேலூர் பஸ் ஏற்றிவிட்டேன். நல்லவேளை, கட்டியிருக்கவில்லை. திரும்பி வந்தவர் சிரித்தார்.

"எங்க வூட்டுக்காரரே என்ன இப்படி அதட்டுனதில்ல!"

இல்லை என்றேன்

தீபத் திருவிழா நெரிசலில் முனுசாமி தலைவலி மாத்திரை கேட்டார். யாருக்கு என்றேன். "அவளுக்குத்தான். ரெண்டு நாளா தலவலி, பல்லு விளக்குனா ரத்தம் வருது." அந்த மாத்திரை ரத்தக்கசிவை இன்னும் கூட்டும். தரமாட்டேன், உடனே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள் என்றேன். கல்லாவில் இருந்த முதலாளிக்குக் கோபம்: "ஒரு மாத்திரைக்கு இவ்ளோ விசாரணையா?"

ரத்தம் அளவுக்கு மீறி நீர்த்திருந்ததாம். மருந்தை நிறுத்தி, சரிசெய்து, நான்கு நாளில் அனுப்பினார்கள். முனுசாமி கடைவாசலில் நின்று கும்பிட்டதை முதலாளியும் பார்த்தார். மறுநாள் வேறொருவர் நான் தர மறுத்த மருந்துக்காக என்னிடம் வாதாடியபோது முதலாளியே குறுக்கிட்டார்.

"அந்தப் பொண்ணு இல்லன்னா இல்லதாங்க, என்கிட்ட கேக்காதீங்க."

இத்தனை வருஷம் மருந்து விற்றவள் மார்தட்டிக்கொள்வது, விற்காத ஒரு மாத்திரைக்காகத்தான் என்பதை எந்த முதலாளியிடமும் சொல்லிவிடாதீர்கள்.