பிரிண்டர் கேட்ட கேள்வி

எங்கள் அண்ணிக்குக் கோபம் வந்தால் பாத்திரம் உருளாது, கீபோர்டுதான் படபடக்கும். கட்டட வரைபடம் போடும் ஆபீஸில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. அங்கேயே நான் கூட்டித் துடைக்கிறேன்.

மாடியில் இருந்ததெல்லாம் யூனிக்ஸ் என்ற வகைக் கம்ப்யூட்டர்கள். பிரிண்டரோ ஒன்றே ஒன்று, கீழே கணக்கரின் மிஷினோடு ஒட்டிக்கொண்டிருந்தது. யாருக்கு அச்சாக வேண்டுமென்றாலும் பிளாப்பியோடு படியிறங்க வேண்டும்.

"எல்லா மிஷினும் அதுக்கே அனுப்புற மாதிரி பண்ணிடு. வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சா உன் வேலை நிரந்தரம். இல்லேன்னா வெளி ஆளை வச்சுக்கறேன்" என்றார் மேனேஜர் அண்ணியிடம்.

அண்ணனுக்கு அப்போது வேலையில்லை. அண்ணியை நம்பித்தான் வீடு.

கணக்கரிடம் 'கொஞ்சம் ஒயர் வேலை' என்று மட்டும் சொல்லிவிட்டு, ஒவ்வொரு மிஷினிலும் பிரிண்டரின் பெயரையும் அது எங்கே இருக்கிறது என்பதையும் அண்ணி எழுதி வைத்தார். சோதனைக்கு மாடியிலிருந்து ஒரு வரி அடித்து அனுப்பினார். போய்விட்டதாகத் திரை சொன்னது. இறங்கிப் போய்ப் பார்த்தால் பிரிண்டர் தட்டு காலி.

"ஏதாவது பேப்பர் வந்துச்சா சார்?"

"ஒண்ணும் வரலையேம்மா" என்றார் கணக்கர், நிமிராமலே.

அந்த வாரம் முழுக்க இதே கதை. அண்ணி ஒயரை மாற்றினார், எழுதியதை அழித்து மறுபடி எழுதினார்.

"ஏய் வாயில்லாப்பூச்சி, நீயாவது சொல்லேன், எங்கதான் போகுது?" என்று என்னைக் கேட்டார்.

"காக்கா தூக்கிட்டுப் போகுதோ என்னவோ அண்ணி."

வெள்ளிக்கிழமை காலை. மேனேஜர் அறையில், முடியவில்லை என்று சொல்ல அண்ணி வாயெடுக்கும்போது, கணக்கர் ஒரு கத்தைத் தாளோடு உள்ளே நுழைந்தார். நான் துடைப்பத்தோடு வாசலில் நின்றேன்.

"சார், போன வாரம் லேட்டா வந்தேன், திட்டினீங்க, சரி. இந்த வாரம் கதவு திறக்குறதே நான்தான். அப்புறமும் 'வந்துட்டியா, வந்துட்டியா'ன்னு பேப்பர் மேல பேப்பர் அனுப்பினா எப்படி? வெளியில தெரிஞ்சா மானம் போகும்னு ஒளிச்சு வச்சேன். அதுவும் இந்த வயசுல என்னை வா போன்னு..."

மேனேஜர் திருதிருவென்று விழித்தார். அண்ணிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"ஐயோ சார்! அது சோதனைக்கு நான் மாடியிலேர்ந்து அனுப்பின வரி. உங்களைக் கேக்கலை, பேப்பரைக் கேட்டேன்!"

கணக்கர் கத்தையை ஒரு தடவை புரட்டிப் பார்த்தார். "அது வந்துக்கிட்டேதாம்மா இருக்கு" என்றார்.

மேனேஜர் சிரித்து முடிக்கவே நேரமானது. "அடுத்த மாசம் புது மிஷின் வருது. அதையும் இதுல சேர்த்துடுவியா?"

"சேர்த்துடலாம் சார். நான் இங்க இருப்பேனா?"

"பின்ன, நானா சேர்ப்பேன்?"