தங்கச்சியைச் சொல்லி எடுத்த அறை

மாத்தளை டவுனில் ஒரு ராத்திரிக்கு அறை தேடி அலைந்தபோது எனக்கு வயது அறுபத்து மூன்று. முப்பது வருடம் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவள். பிள்ளைகளை அதட்டியே பழகிய குரல். அந்தக் குரலை வைத்துக்கொண்டு எங்கே போனாலும் காரியம் நடக்கும் என்று ஒரு திமிர் இருந்தது. அன்று சாயங்காலத்துக்குள் அது இறங்கிவிட்டது.

தங்கச்சி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். வயிற்றில் கட்டி, மறுநாள் காலை ஆபரேஷன். ஆறு மணிக்கு வார்டு வாசலில் நின்றால், தியேட்டருக்குக் கொண்டுபோகும் முன் ஒரு தடவை பார்க்க விடுவோம் என்று நர்ஸ் சொன்னாள். எங்கள் தோட்டத்திலிருந்து முதல் பஸ் டவுனுக்கு வந்து சேர எட்டாகும். ராத்திரி நான் டவுனில் தங்கியே ஆக வேண்டும்.

"நீ வந்து நிக்காம நான் உள்ளுக்குப் போக மாட்டேன் அக்கா" என்று தங்கச்சி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் புருஷன் செத்துப் பல வருடம். எனக்குக் கல்யாணமே ஆகவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் வேறு ஆள் கிடையாது. வருகிறேன் என்று சத்தியம் பண்ணிவிட்டு வெளியே வந்தேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்த லொட்ஜில், மேசையில் உட்கார்ந்திருந்தவரிடம் முதலில் கேட்டேன்.

"தனியாவா வந்திருக்கீங்க? ஆம்பளைங்க யாரும் வரலையா?"

"வந்திருந்தா ரெண்டு பேர் ரூம் கேட்டிருப்பேனே" என்றேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

"கோவிச்சுக்காதீங்கம்மா. உங்க வயசுல ஒரு அம்மா இப்பிடித்தான் தனியா வந்து ரூம் எடுத்தாங்க. காலையில கதவ ஒடைச்சுத்தான் வெளிய எடுத்தோம். பொலிஸ், கோர்ட்டுன்னு நாங்க பட்ட பாடு கொஞ்சமில்ல."

நான் சாக வரவில்லை என்பதைக் காட்டப் பையைத் திறந்து மேசையில் வைத்தேன். மாற்றுச் சேலை, துவாய், தங்கச்சியின் கால்வலிக்குத் தைலப் போத்தல். போத்தலைப் பார்த்ததும் அவர் முகம் இன்னும் சுருங்கிப் போனது.

அடுத்து ஏறிய இடத்தில் வாடகை குறைவு. எத்தனை மணித்தியாலத்துக்கு என்று கேட்டான் அங்கிருந்தவன். ராத்திரி முழுக்க என்றேன். உள்ளே யாரோ சிரித்தார்கள். அறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லை. வெள்ளைக்காரர்கள் தங்கும் ஹோட்டலில் சொன்ன வாடகைக்கு என் பென்ஷனில் பாதி போயிருக்கும். கால் வீங்கிவிட்டது. ஒரு வயதான பெண் படுத்து எழும்ப இந்த ஊரில் நாலு சுவர் இல்லையா என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

கடைசியில் ஒரு த்ரீவீல்காரர்தான் சொன்னார். "பலாபத்வல பக்கம் ஒரு சிங்கள அம்மா மாடியில ரூம் குடுக்கிறாங்க. நல்ல வீடு. ஆனா முன்னப்பின்ன தெரியாதவங்களுக்குக் குடுக்கிறது கஷ்டம்."

போகும் வழியில் ரோட்டோரம் வெள்ளைக் கொடிகள் கட்டியிருந்தார்கள். யாரோ வீட்டுச் சாவு. த்ரீவீல்காரர் பாட்டை நிறுத்தினார், வேகத்தைக் குறைத்தார். எதிரே வந்த லொறியும் ஒதுங்கிப் போனது. இந்த நாட்டில் உயிரோடு இருப்பவளுக்கு இடம் கிடைக்காது, சாவுக்கு எல்லோரும் வழிவிடுவார்கள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கேட்டைத் திறந்த அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். தனியாகவா என்று சிங்களத்தில் கேட்டார். மரண வீட்டுக்கு வந்தேன் என்று நானும் சிங்களத்தில் சொன்னேன். செத்தது யார் என்று கேட்டார். தூரத்து மாமா ஒருவரைச் சொல்லத்தான் நினைத்திருந்தேன். காலையிலிருந்து மனசு முழுக்க ஒருத்திதான் இருந்தாள். தங்கச்சி என்று வாய் சொல்லிவிட்டது.

அந்த அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். பாதி வாடகைதான் வாங்கினார். பிளேன்டீயும் கருப்பட்டியும் கொண்டுவந்து வைத்தார். எந்த ஊர், எப்போது அடக்கம் என்று கேட்டார். பல்லேபொல, நாளைக்கு என்றேன். சொன்ன பொய்க்குத் தக்கபடி ஊரும் நேரமும் தானாக வந்தன. என் சிவப்புக் கரைச் சேலையைப் பார்த்துவிட்டு, மரண வீட்டுக்கு வெள்ளைதான் கட்ட வேண்டும் என்று அலுமாரியிலிருந்து தன் வெள்ளைச் சேலை ஒன்றை எடுத்துத் தந்தார். காலையில் ஐந்து மணிக்கு அவரே எழுப்பிவிட்டார். மரண வீட்டுக்குக் கொடுக்கச் சொல்லி ஒரு பையும் தந்தார். சீனி, தேயிலை, பிஸ்கட்.

ஆஸ்பத்திரிக் கழிவறையில் சேலையை மாற்றிக்கொண்டு ஆறு மணிக்கு வார்டு வாசலில் நின்றேன். தங்கச்சியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

"ராவுக்கு எங்க தங்குனே?"

"தெரிஞ்சவங்க வீட்ல."

"பையில என்னக்கா?"

"சீனியும் பிஸ்கட்டும்."

"எனக்கா?"

"ஒனக்குத்தான்" என்றேன்.

அதைச் சொன்ன நாக்கை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை. ஆபரேஷன் நன்றாக முடிந்தது. வீட்டுக்கு வந்த பிறகு அந்த பிஸ்கட்டை அவள் தேநீரில் தோய்த்துத் தோய்த்துச் சாப்பிட்டாள். நான் ஒன்றும் எடுக்கவில்லை.

கட்டி வேறு இடத்தில் வந்தது. மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். ஆபரேஷன் நடந்து மூன்று மாதம் ஆனபோது, உடனே வரச் சொல்லி ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. திருப்பிக் கொடுக்காமல் வைத்திருந்த அந்த வெள்ளைச் சேலையை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு போனேன். பின்னேரம் இரண்டு மணிக்குத் தங்கச்சி போய்விட்டாள். உடம்பை மறுநாள் காலையில்தான் தருவோம் என்றார்கள். அவளைத் தனியே விட்டுவிட்டுத் தோட்டத்துக்குத் திரும்ப எனக்கு மனசு வரவில்லை. லொட்ஜ் லொட்ஜாக ஏறி இறங்கவும் தெம்பில்லை. வெள்ளையைக் கட்டிக்கொண்டு பழைய கேட்டில் போய் நின்றேன்.

அந்த அம்மா என்னைக் கண்டதும் அடையாளம் பிடித்துக்கொண்டார். "தங்கச்சியின் மூன்று மாதத் தானத்துக்கு வந்தீர்களா?" என்று கேட்டார். செத்தவர்களுக்காக மூன்றாம் மாதம் பிக்குமாருக்குச் சாப்பாடு கொடுப்பது அவர்கள் வழக்கம். நாள் எண்ணி வைத்திருக்கிறார், பாவம். ஆமாம் என்று தலையாட்டினேன். வேறு என்ன சொல்ல? எனக்கு இருந்தது ஒரே தங்கச்சி. அவளை இந்த வாசலில் நான் ஏற்கெனவே சாகடித்திருந்தேன்.

அதே அறையைத்தான் தந்தார். கீழே அவர் தேங்காய் துருவுகிற சத்தம் கேட்டது. தங்கச்சி செத்து நாலு மணித்தியாலம் ஆகியிருந்தது. அந்த வீட்டுக்கு அது மூன்று மாதத்துச் சாவு. மூன்று மாதத்துச் சாவுக்கு யாரும் வாய்விட்டு அழுவதில்லை. நான் தலையணையைக் கடித்துக்கொண்டு படுத்துக் கிடந்தேன்.