இரண்டு எண் கொண்ட பத்து வெள்ளி நோட்டு

விசாரணைக்காக மட்டும் ஒப்படைக்கப்படும் நோட்டு, சோதனை முடிந்தபின், எவ்விதக் குறியும் இடப்படாமல் கொண்டுவந்தவரிடமே திருப்பித் தரப்பட வேண்டும். பினாங்கில் நான் கிராணி என்னும் எழுத்தராக இருந்த பண அலுவலகத்தின் கையேட்டில் இது பதினேழாம் விதி. ஓய்வு பெற்றுப் பல வருடங்கள் ஆகின்றன. இறந்துபோன என் மனைவியின் குரல் சில நாள் நினைவுக்கு வருவதில்லை. இந்த விதி எழுத்துப் பிசகாமல் வருகிறது.

என் நண்பர் ஒருவர் அரசாங்க மருத்துவமனையில் டிரசராக இருந்தார். காயங்களுக்குக் கட்டுப் போடுவது அவர் வேலை. மனைவியை இழந்தவர், ஆயர் ஈத்தாமில் வாடகை வீட்டில் ஒரே மகளோடு வாழ்ந்தார். ஒரு பிஸ்கட் டின் நிறைய நோட்டு சேர்த்து வைத்திருந்தார். முதல் உலகப் போர்க்காலத்தில் சில்லறை கிடைக்காமல் அச்சடித்த பத்துக்காசு நோட்டுகள், தாள் மடிந்து அச்சானதால் குறுக்கே வெள்ளைக் கோடு விழுந்தவை, கையெழுத்து விடுபட்டவை. பினாங்கு தெருவில் செட்டியார்கள் வட்டிக்கடை நடத்திய கிட்டங்கிகளில் சாயங்காலம் நோட்டுகளை அடுக்கும் ஆட்கள் விசித்திரமானதைக் கண்டால் இவருக்கென்று ஒதுக்கி வைப்பார்கள். இவர் அதே மதிப்புக்குப் புது நோட்டைக் கொடுத்துவிட்டு, அவர்களின் கால் புண்ணுக்கு இலவசமாகக் கட்டும் போட்டுவிட்டு வருவார்.

கிழிந்தால் மதிப்புக் குறையும், பிழையாக அச்சானால் கூடும், பிழையோடு கசங்காமலும் இருந்தால் இன்னும் கூடும் என்பார். பத்து வெள்ளி நோட்டு பத்து வெள்ளிக்கு மேல் பெறும் என்ற பேச்சே எங்கள் அலுவலகத்தில் ஒழுக்கக் கேடாகக் கருதப்பட்டது.

ரப்பர் விலை விழுந்து ஊரே காய்ந்து கிடந்த வருடம். ஒரு நாள் என் மேசைக்கு வந்தார்.

"அண்ணே, இதப் பாருங்கலா. இடது பக்க நம்பர் ஏழுல முடியுது, வலது பக்கம் எட்டுல முடியுது."

"எவனாவது பிளேடால சொரண்டி மை வச்சிருப்பான் தம்பி."

"ஆஸ்பத்திரி பூதக்கண்ணாடியிலயே பார்த்துட்டேன். சொரண்டல் இல்ல. கிட்டங்கி மேலாள் மாத்திக் குடுத்தாரு."

"அவர் புண்ணு ஆறிடுச்சா?"

"ஆறினா எனக்கு நோட்டு யாரு குடுப்பா?"

இருவரும் சிரித்தோம். அவர் என்னிடம் சிரித்தது அதுதான் கடைசி. அடுத்த வாரம் ஆட்குறைப்பில் அவர் வேலை போனது. வேலை இழந்தவர்கள் குடும்பத்தோடு நாகப்பட்டினம் போக அரசாங்கம் இலவச டிக்கெட் கொடுத்தது. நவம்பர் கப்பலை விட்டால் டிக்கெட் செல்லாது. மகளுக்கோ டிசம்பரில் பள்ளிக்கூடத்தின் கடைசிப் பரீட்சை. தேறினால் கான்வென்டிலேயே ஆசிரியை வேலை தருவதாகக் கன்னியாஸ்திரிகள் சொல்லியிருந்தார்கள். அதுவரை வாடகையும் அரிசியும் வேண்டும்.

வழி ஒன்று இருந்தது. அக்டோபரில் சீமைக்குத் திரும்பவிருந்த ஒரு தோட்டத்துத் துரை அந்த நோட்டுக்கு நானூறு வெள்ளி தருவதாகச் சொன்னார். நோட்டு அசல்தான் என்று அரசாங்கம் ஒரு வரி எழுதித் தர வேண்டும், அவ்வளவே.

"எங்கிட்ட குடுங்க, நான் பாத்துக்கறேன்" என்றேன். அப்படிச் சொல்வதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது.

சிங்கப்பூர் தலைமை அலுவலகத்துக்கு எங்களிடமிருந்து இரண்டு பைகள் போகும். விசாரணைப் பை மாதக் கடைசியில். எரிப்பதற்கான பழுது நோட்டுகளின் பை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும். மூன்று வாரத்தை மிச்சப்படுத்த நினைத்து, அந்த நோட்டைப் பழுதுப் பையில் போட்டேன். சும்மா போடவில்லை. 'விசாரணைக்கு மட்டும்' என்று ஒரு சீட்டில் சிவப்பு மையில் எழுதி, அதைக் குண்டூசியால் நோட்டின் ஓரத்தில் குத்தி அனுப்பினேன். நடைமுறை தெரியாதவன் மாதக் கடைசி வரை காத்திருந்திருப்பான்.

பதில் வரவில்லை. மூன்றாம் வாரம், வேறொரு பையைக் கட்டிக்கொண்டிருந்தபோது எனக்குக் கை நின்றது. பழுதுப் பையைப் பிரித்ததும் முதலில் எல்லாக் குண்டூசிகளையும் கழற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் எரிக்குமுன் நோட்டுகளைத் துளையிடும் இயந்திரத்தின் பல் உடையும். அந்தச் சுற்றறிக்கையை எங்கள் அலுவலகத்தில் படித்துக் காட்டியவனே நான்தான்.

மூன்று நினைவூட்டல்கள் எழுதினேன். துரையின் கப்பல் போய்விட்டது. நண்பர் வாரம் இரண்டு முறை வந்து, மேசைக்கு எதிரே தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்வார்.

"சிங்கப்பூர்ல மெதுவாத்தான் பாப்பாங்க போல, இல்லண்ணே?"

"ஆமா. நல்லாப் பாக்கணும்ல" என்றேன். எந்தப் பையில் போட்டேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. என்னிடம் கேட்கத் தோன்றாத அளவுக்கு அவருக்கு என் மேல் நம்பிக்கை.

பிஸ்கட் டின்னில் இருந்த மற்றவற்றைக் கடைத்தெருவில் விற்றார். எவரிடமும் உபரிக் காசு இல்லாத காலம். பத்துக்காசு நோட்டுக்குப் பத்துக்காசுதான் கிடைத்தது. அதற்கு மீன் வாங்கினார்கள்.

நவம்பரில் துறைமுகத்துக்குப் போனேன். மகள் பாடப் புத்தகங்களைப் பாயில் சுற்றி வைத்திருந்தாள்.

"மாமா, அங்க பரீட்சை எழுத விடுவாங்களா?"

"எழுதிக் கேட்டா விடுவாங்கம்மா."

"யாருக்கு எழுதணும்?"

அந்தக் கரையில் யார் எந்த மேசையில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது என் கையேட்டில் இல்லை.

"அப்பாவுக்கே அங்க யாரையும் தெரியாது மாமா" என்றாள். அவர் கேட்காதவர்போல மூட்டையின் கயிற்றை இறுக்கினார். படகில் ஏறும்போது என் கையைப் பிடித்து, "பதில் வந்தா ஒரு வரி போடுங்கண்ணே" என்றார். முகவரி நான் கேட்டேன். போய்ச் சேர்ந்ததும் எழுதுகிறேன் என்றார். கடிதம் எதுவும் வரவில்லை.

சிங்கப்பூரின் பதில் மட்டும் வந்தது. நோட்டு அசல், அச்சகத்தில் நேர்ந்த எண் பிழை, பழுது நோட்டுகளோடு துளையிட்டு எரிக்கப்பட்டது, உரியவர் நேரில் வந்து பத்து வெள்ளி பெற்றுக்கொள்ளலாம். அந்தக் கடிதத்தைப் பெற்றதற்கான முத்திரையை நானே குத்தினேன்: 1932 மார்ச் ஒன்பது, புதன்கிழமை.