பெயின்ட் மேல் முடுக்கிய எர்த்து

சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, என்ஜின் பிடிக்கவில்லை. கார் எலக்ட்ரீஷியனுக்குப் பாதி நாள் இப்படித்தான் விடியும். வயரைப் பிடித்துப் பிழைக்கிற உங்களுக்கு நான் சொல்லவே வேண்டாம்.

மீட்டர் காட்டிய பன்னிரண்டு

ஓசூரில் நான் இருந்த ஒர்க்‌ஷாப்புக்கு அன்று ஒரு கம்பெனி காரைக் கட்டியிழுத்து வந்தார்கள். என்ஜினுக்குக் கம்ப்யூட்டர் வைத்த புது மாடல். டிப்ளமோ படித்த எங்கள் சூப்பர்வைசர் கம்ப்யூட்டருக்குப் போகிற வயரில் மீட்டரை வைத்தார். பன்னிரண்டு வோல்ட். கரண்டு வருகிறது, கம்ப்யூட்டர்தான் போய்விட்டது என்று எழுதிவிட்டார். மீட்டர் கரண்டு இழுக்காது, நூலளவு தொடர்பு இருந்தாலும் பன்னிரண்டு காட்டும், பல்பு போட்டுப் பார்க்கலாம் என்றேன்.

"பத்தாவது பெயிலு, நீ எனக்குக் கரண்டு சொல்லித் தர்றியா?"

ஒரு சொம்பு தண்ணீர்

என்ஜினைக் கழுவுகிறேன் என்று கார் டிரைவர் தண்ணீர் ஊற்றிக் கம்ப்யூட்டரைக் கெடுத்துவிட்டார் என்று எங்கள் ஓனர் கம்பெனிக்குப் போன் போட்டார். ஆபீசர் நேரில் வருவதாகச் சொன்னார். உண்மையென்றால் டிரைவருக்கு வேலை இல்லை. டிரைவர் உத்தனப்பள்ளிக்காரர். அவர் வீட்டில் கம்பெனிப் படி ஏறிய முதல் ஆள். என்னிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, துணியிலதான் தொடச்சேன், ஒரு சொம்பு தண்ணிகூட ஊத்தல. இது போச்சுன்னா மறுபடி கூலிக்குத்தான் போவணும்."

பீடி நெருப்பு

சூப்பர்வைசர் டீக்குப் போனதும் ஹெட்லைட் பல்பை எடுத்துக் கம்ப்யூட்டருக்குப் போகிற கரண்டு வயருக்கும் எர்த்து வயருக்கும் நடுவில் கொடுத்தேன். பீடி நெருப்பு மாதிரி எரிந்தது. கரண்டு வயரையும் பாடியையும் தொட்டால் பளிச்சென்று எரிந்தது. எர்த்து வயரைப் பிடித்துக்கொண்டே போனால் மட்கார்டுக்குள் ஒரு போல்ட். போன வாரம் நாங்களே பெயின்ட் அடித்த இடம். பெயின்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே முடுக்கியிருந்தோம், எர்த்து பாடியைச் சரியாகத் தொடவில்லை. பெயின்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். கன்னடத்தில் ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டுத் தமிழுக்கு வந்தார்.

"சீக்கிரம் சீக்கிரம்னு கழுத்தப் புடிச்சது உங்க ஓனரு. நான் அடிக்கிறவன், சுரண்டறது உங்க வேலைப்பா!"

ஆபீசர் வந்தார்

ஓனரிடம் சொன்னேன். சத்தமில்லாமல் சுரண்டி முடுக்கு, ஆபீசர் கேட்டால் தண்ணீர் புகுந்திருந்தது, காய வைத்தோம் என்று சொல் என்றார். பிளேடால் சுரண்டி முடுக்கினேன். முதல் சாவிக்கே என்ஜின் பிடித்தது. ஆபீசர் வந்து என்ன கோளாறு என்று என்னைத்தான் கேட்டார். சுரண்டிய பெயின்டைக் கையில் வைத்துக் காட்டி, எங்கள் தப்பு என்றேன். டிரைவர் காரை எடுத்துக்கொண்டு போனார். என் பக்கம் திரும்பக்கூட இல்லை. திரும்பியது ஓனர்தான்.

"ஸ்பேனர வெச்சிட்டு அப்படியே கெளம்புடா, அரிச்சந்திரா."

பெயின்டைச் சுரண்டச் சொன்னார், சுரண்டினேன். ஒரு சொம்பு தண்ணீரை அந்த டிரைவர் தலையில் ஊற்றச் சொன்னார், அது ஒன்றுதான் என்னால் முடியவில்லை.